புளிக்காத கை

சோலைமலைக்குக் கருமாதி முடிந்து, பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்குத்தான் முத்தாலங்கரையில் மனிதர்களின் கை பட்ட சீனி புளிக்கத் தொடங்கியது. முதலில் அதைக் கண்டவர் டீக்கடை காசிம் ராவுத்தர். சீனியைப் போட்டுப் பாலை ஊற்றி ஓர் ஆற்று ஆற்றியதும் பால் திரிந்து கிளாசுக்குள் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. பால்காரனைத் திட்டிவிட்டு வேறு பால் வாங்கினார், அதுவும் திரிந்தது. பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கச் சொன்னார், அப்போதும் திரிந்தது. கடைசியில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சீனியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவர், டப்பாவை மூடிவிட்டு, அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் பாலும் சீனியும் இல்லாத கட்டன் டீ கொடுத்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதே கதையாக இருந்தது. சீனியைக் கையில் அள்ளினால் போதும், ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள் அது கசிந்து, நுரைத்து, புளித்தது.

ஊருக்கு அப்போது பெரிதாக அதிர்ச்சி அடைகிற தெம்பு இல்லை. கரும்பு அரவை முடியும் காலத்தில், பக்கத்துச் சீனி ஆலையின் மொலாசஸ் தொட்டியைக் கழுவ இறங்கிய சோலைமலை ஏறி வரவில்லை. கரும்புப் பாகின் கசடு அடியில் கிடந்து நுரைத்து விட்டிருந்த காற்று அவனை உள்ளேயே படுக்க வைத்துவிட்டது. அவனை வெளியே எடுத்தபோது தலைமுதல் கால்வரை பழுப்புப் பாகு பூசி, இப்போதுதான் வார்த்தெடுத்த சிலை மாதிரி இருந்தான். அவன் பெண்டாட்டி நாகரெத்தினம் ஒரு குடம் வெந்நீர் கேட்டாள். முகத்தைக் கழுவினாள், காதுக்குள் விரல் விட்டுத் துடைத்தாள், ஈக்களை விரட்டினாள். ஊரே அவள் அழுவதற்காகக் காத்திருந்தது. ஒப்பாரிக்கு வந்தவர்கள் அவள் தலையை இழுத்துத் தங்கள் தோளில் சாய்த்துக்கொண்டு மாரடித்தார்கள். அவள் தலை சாய்த்த இடத்திலேயே கிடந்து, சற்றுப் பொறுத்து, "வந்தவுகளுக்குச் சோறு வடிக்கணும்" என்று எழுந்து போனாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒச்சம்மாள், சோலைமலையின் தங்கச்சி. அவள் அழுத அழுகையில் தொண்டை கட்டிப்போய், கருமாதி வரைக்கும் குரலே இல்லாமல் கிடந்தாள்.

சீனி புளித்த செய்தி எட்டியதும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து தண்ணீர்த் தொட்டியில் குளோரினைக் கொட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் குளோரின் நாற்றம் அடித்தது; சீனி புளித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஆலையின் சோதனைச்சாலையில் வேலை பார்த்த அல்போன்ஸ் சார், தானாகவே கண்ணாடிக் குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்து பஞ்சாயத்துத் திண்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குழாயிலும் சிவப்பாகச் சீனித்தண்ணீர் இருந்தது. வந்தவர்களின் விரலை ஒரு பஞ்சால் ஒற்றி அதைக் குழாய்க்குள் விட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மஞ்சளானது.

"புளிப்பு ஏறுனா மஞ்சளாகும்," என்றார். "நம்ம கையில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பாக்டீரியா, அது சீனியத் தின்னுட்டு அமிலத்த விடுது. எல்லாப் பூச்சியும் திங்கிறது ஒரே சீனிதான். விடுறதுதான் வேற வேற. ஒண்ணு தயிர்ப் புளிப்பு விடும். ஒண்ணு காடி. ஒண்ணு, எறும்பு கடிச்சா சுருக்குன்னு இருக்குமே, அந்தப் புளிப்பு. இன்னொண்ணு கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாறும். எந்தக் கையில எந்தப் பூச்சின்னு அவங்கவங்க உடம்பப் பொறுத்தது."

"இத்தன நாளும் இந்தப் பூச்சி எங்க இருந்துச்சு சார்?" என்று ராவுத்தர் கேட்டார்.

"இருந்துச்சு. இவ்வளவு வேகமா வேல பாக்கல."

"இப்ப ஏன் பாக்குது?"

அல்போன்ஸ் சார் ஒரு குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அது எனக்குத் தெரியல பாய்," என்றார். அவருடைய சொந்தக் குழாயும் மஞ்சளாகித்தான் இருந்தது, காடி வாசனையோடு.

அதற்குப் பிறகு ஊர் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு எப்படி என்று யோசிக்கத் தொடங்கியது. தயிர்க்கைக்காரர்கள் வீட்டில் உறைமோர் இல்லாமலே பால் உறைந்தது. ஒரு சிட்டிகை சீனியைக் கையில் வைத்திருந்து பாலில் போட்டால் காலையில் கத்தியால் வெட்டுகிற மாதிரித் தயிர் இருந்தது. காடிக்கைக்காரர்கள் ஊறுகாய் போட்டார்கள், முத்தாலங்கரை ஊறுகாய் என்று பக்கத்துச் சந்தைகளில் பேர் வாங்கினார்கள். எறும்புக்கைக்காரர்களிடம் மூட்டுவலிக்காரர்கள் வந்து முழங்காலில் சீனி தேய்த்துக்கொண்டு போனார்கள். கல்யாணம் பேச வந்தவர்கள் நட்சத்திரம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, பெண்ணுக்கு என்ன கை என்றும் கேட்டார்கள். தயிரும் தயிரும் சேரலாம், தயிரும் காடியும் சேர்ந்தால் வீட்டில் சண்டை ஓயாது, எறும்பை யாரோடும் சேர்க்கலாம், மாமியாரோடு மட்டும் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் ஒரு சாத்திரம் தானாக உண்டாகி, அதில் கரைகண்டவர்களும் உண்டாகி, அவர்களுக்குள் இரண்டு கட்சியும் உண்டாகிவிட்டது. வெண்ணெய்க்கைக்காரர்கள்தான் பாவம். அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. அவர்கள் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார்கள், பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டார்கள். ஊரிலேயே கடுமையான வெண்ணெய்க்கை ஒச்சம்மாளுக்கு வாய்த்திருந்தது. அவள் நடந்து போன தெருவில் சற்று நேரம் யாரும் மூச்சை இழுக்க மாட்டார்கள்.

நாகரெத்தினத்தின் கையில் மட்டும் சீனி சீனியாகவே இருந்தது.

அது தெரிந்தது தற்செயலாகத்தான். குழாய்ச் சோதனைக்கு அவள் போகவில்லை. அல்போன்ஸ் சாரே வீட்டுக்கு வந்து அவள் விரலை ஒற்றினார். காத்திருந்தார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. வேறொரு குழாயில் போட்டுப் பார்த்தார், வேறொரு விரலில் எடுத்துப் பார்த்தார். குழாய்க்குள் தலைகீழாகக் கிடந்த குட்டிக் குப்பியைச் சுட்டிக்காட்டி, "சில பூச்சி புளிப்போட காத்தையும் விடும், அதப் பிடிக்கத்தான் இது, அந்தக் காத்துதான்..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தொட்டிக்குள்ள இருந்த காத்தா சார்?" என்றாள் நாகரெத்தினம்.

"ஆமாம்மா."

"சொல்லுங்க சார், பரவாயில்ல."

அவர் பெட்டியை மூடினார். அவள் அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். அவர் பல வாரங்களுக்குப் பிறகு இனிப்பாக ஒன்றைக் குடித்தார். குடித்து முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

ஒச்சம்மாள் இதைக் கேள்விப்பட்டுத் தெருவில் நின்று சொன்னாள். "எங்க அண்ணன் செத்ததுக்கு ஊரு கையெல்லாம் புளிச்சுப்போச்சு. கட்டுனவளுக்கு மட்டும் இனிக்குது. பாத்துக்கங்க." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கொஞ்ச காலம் நாகரெத்தினத்தின் வீட்டு வாசலை ஊர் சுற்றிக்கொண்டு போனது. அவளுக்கு அது உறைக்கவில்லை. காலையில் எழுந்தாள், தண்ணீர் பிடித்தாள், தனக்கு ஒருத்திக்கு உலை வைத்தாள். கத்தி விரலில் பட்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் பட்டது என்று தெரிந்துகொண்டாள். புருஷனின் சட்டை கொடியிலேயே கிடந்தது. ஒருநாள் அதை எடுத்து மடித்து வைத்தாள், ஒரு சட்டையை மடித்து வைக்கிற மாதிரி.

ஆனால் இனிப்பில்லாமல் ஓர் ஊர் எத்தனை காலம் இருக்கும்? ராவுத்தர்தான் முதலில் வந்தார். "ஏத்தா, வந்து சீனி மட்டும் போட்டுக் குடு, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். அவள் போனாள். டீக்கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிளாஸ் கிளாசாகச் சீனி போட்டாள். மறுபடி கடையில் கூட்டம் நெரிந்தது. பிறகு கல்யாண வீட்டில் கேசரி கிண்டக் கூப்பிட்டார்கள், கோயிலில் பஞ்சாமிர்தம் பிசையக் கூப்பிட்டார்கள், கிறிஸ்துமசுக்கு அல்போன்ஸ் சார் வீட்டில் கேக்குக்குக் கூப்பிட்டார்கள். தாலியறுத்தவளை நல்ல காரியத்தில் முன்னால் நிறுத்தலாமா என்று யாரோ கேட்டதற்கு, "அப்ப நீ வந்து கிண்டு" என்று சமையல்காரர் கரண்டியை நீட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படித்தான் சேனை வைக்கவும் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் பிள்ளை பிறந்ததும், தாய்ப்பாலுக்கும் முன்னால், சீனித்தண்ணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைப்பதற்குச் சேனை என்று பெயர். வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பதால் ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். இப்போது பார்க்க ஆளே இல்லை. டெய்லர் பெண்டாட்டி குருவம்மாளுக்குப் பெண் பிறந்தபோது நாகரெத்தினத்தை அழைத்துப் போனார்கள். அவள் விரலைத் தொட்டு வைத்தாள். வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கி, கண்ணைத் திறந்து, ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

அதற்குப் பிறகு அது அழவே இல்லை. குருவம்மாள் பூரித்துப்போனாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் பால் கொடுக்கிற வரை அப்படியே கிடக்கும். பிள்ளை என்றால் இதுதான் பிள்ளை என்று ஊர் பேசிக்கொண்டது. மாசமாக இருந்தவர்கள் எல்லோரும் நாகரெத்தினத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக அவள் விரலைச் சப்பியது. ஒவ்வொரு தொட்டிலாக அடங்கியது. தெருக்களில் தாலாட்டு நின்றது. தூக்கம் கெடாத தாய்மார்கள் முகம் தெளிந்து நடமாடினார்கள். தடுப்பூசி போட வருகிற நர்சு மட்டும், "என்னம்மா ஒங்க ஊருப் பிள்ளைக, ஊசி குத்துனா என்னையே பாக்குதுக" என்று சொல்லிவிட்டு, அடுத்த முறை வேறு யாரையோ அனுப்பினாள்.

குருவம்மாள் மகள் தவழ்கிற பருவத்தில் ஒருநாள், நாகரெத்தினம் ரவிக்கை ஒன்றை வாங்கத் தையல்கடைக்குப் போனாள். டெய்லர் கரி இஸ்திரிப் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை அதனருகே போய் உட்கார்ந்து, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. தோல் கருகுகிற வாடை வந்தது. நாகரெத்தினம் ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்தாள். பிள்ளை தன் கையைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்; எங்கே என்று சற்று நேரம் பிடிபடாமல், குருவம்மாள் அலறிக்கொண்டு வந்து பிள்ளையைப் பிடுங்கிய பிறகு, சுவரில் மாட்டியிருந்த அளவு பார்க்கிற கண்ணாடியில் தன்னைக் கண்டபோது தெரிந்தது.

வருத்தம் வரவில்லை. வர வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மேடு பள்ளம் தெரியாத இருட்டில் சுவரைத் தடவி நடக்கிற மாதிரி, தெரிந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு அவள் டீக்கடைக்கு வந்து, எல்லோரும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"இனிமே யாருக்கும் சேனை வைக்க மாட்டேன்."

ஊர் கோபித்துக்கொண்டது. அத்தனை பேருக்கு வைத்தாள், எங்கள் பிள்ளைக்கு மட்டும் என்ன என்றார்கள். சுட்டது பெட்டி, அதற்கு இவள் என்ன செய்வாள் என்று அவளுக்காகப் பரிந்தும் பேசினார்கள். அழாத பிள்ளைகளை வைத்திருந்தவர்களே அதிகம் பரிந்தார்கள். அவள் போட்ட டீயிலிருந்து கரையாத சீனியை வழித்து எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளை வாயில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. வீட்டுக்குப் போவதற்குள் அது அவர்கள் கையில் புளித்துப்போயிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒச்சம்மாள் நிறைமாசமாக இருந்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்காக வயிறு திறக்காமல், கோயில் கோயிலாகப் போய் ஓய்ந்த பிறகு உண்டானது. அண்ணன் செத்ததிலிருந்து மதினியிடம் பேசாதவள், ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் அந்த வாடை வந்தது. நாகரெத்தினம் மணையை எடுத்துப் போட்டாள்.

"உக்காரு ஒச்சா."

"உக்கார வரல. எம் பிள்ளைக்குச் சேனை வைக்கணும் நீங்க."

"வைக்கிறதில்லன்னு சொல்லிட்டேன்."

"ஊருக்குச் சொன்னீக. எனக்குமா?"

"ஒனக்குந்தான்."

ஒச்சம்மாள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கோபத்தோடு அடிவயிற்றைப் பிடித்தபடி தெருவில் இறங்கிப் போனாள். நாகரெத்தினம் மணையை எடுத்து உள்ளே வைத்தாள்.

பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. ஆண்பிள்ளை. விடிந்து வெயில் ஏறியிருந்தது. நாகரெத்தினம் ஒரு காகிதப் பொட்டலத்தில் சீனியும், பிள்ளைக்குப் பால் புகட்டுகிற ஒரு பாலாடையும் எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் ஒச்சம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளை துணிச்சுருளுக்குள் சிணுங்கிக்கொண்டிருந்தது. மதினியைக் கண்டதும் ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

நாகரெத்தினம் பாலாடையில் சீனியைக் கரைத்து அவளிடமே நீட்டினாள்.

"நீ வையி."

"என் கை நாறுது மதினி. பிறந்த பிள்ள வாயில இதக் கொண்டுபோய் வைக்கச் சொல்றீகளா?"

"நாறட்டும்."

"ஒங்க கை இனிக்குது. அத ஊருப் பிள்ளைக்கெல்லாம் குடுத்தீக. எங்க அண்ணன் ரத்தத்துக்குக் குடுக்க மனசு வரல."

"இனிக்கல ஒச்சா." நாகரெத்தினம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "சீனி இனிக்குது. என் கையில ஒண்ணும் நடக்கல, அம்புட்டுத்தான். ஒங் கையில நடக்குது. நாறுதோ மணக்குதோ, நடக்குது. நான் வச்சேன்னு வையி, இது அழாது. வயித்து வலின்னாலும் அழாது. நாளைக்கு நீ கண்ண மூடுனாலும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கும்."

ஒச்சம்மாள் அவளையே பார்த்தாள். பிள்ளையின் துணியை இழுத்துவிட்டபடி கேட்டாள். "அன்னைக்கு அண்ணனப் பாத்து ஒங்களுக்கு அழுகையே வரலயா மதினி?"

"வரல. இன்னைக்கும் வரல. வரும்னு நெனச்சு நானும் இருந்து பாத்தேன்."

"அண்ணன் மேல பிரியம் இல்லையா?"

"அது இருந்துச்சு. அவுக வேலைக்குப் போயிட்டு வார சத்தம் கேட்டா அடுப்ப ஊதுவேன். இப்பவும் அந்த நேரத்துக்கு ஊதுறேன்."

ஒச்சம்மாள் முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். சுண்டுவிரலைப் பாலாடைக்குள் விட்டாள். தண்ணீர் நுரைத்தது, அந்த வாடை அறை முழுக்கப் பரவி, மூலையில் இருந்தவள் வாந்தி வருகிறது என்று எழுந்து போனாள். ஒச்சம்மாளின் விரல் பிள்ளையின் உதட்டுக்கு வந்து தயங்கி நின்றது. நாகரெத்தினம் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி உள்ளே வைத்தாள்.

பிள்ளையின் முகம் கசங்கியது. நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் ஒரு புள்ளிக்கு வந்து சேர்ந்தன. பிறகு அது வாயைத் திறந்து அழுதது. அப்படியோர் அழுகையை முத்தாலங்கரைப் பக்கம் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. ஒச்சம்மாள் பயந்துபோய் மாரில் அணைத்தாள், ஆட்டினாள், முதுகைத் தட்டினாள், அடங்கவில்லை. அடங்காததைப் பார்த்து அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"குடு இங்க," என்று நாகரெத்தினம் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள்.

வராந்தாவில் தடுப்பூசிக்கு வந்த தாய்மார்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் அவள் சேனை வைத்த பிள்ளைகள். அழுகைச் சத்தம் வந்ததும் எல்லாப் பிள்ளைகளின் தலைகளும் ஒருசேரத் திரும்பின. குருவம்மாளின் மகள் தாயின் மடியிலிருந்து இறங்கி, கம்பியைப் பிடித்து நின்று, அழுகிற பிள்ளையின் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடிவிட்டு, மறுபடி திறந்தாள், புதுச் சொல் ஒன்றைச் சொல்லிப் பழகுகிற மாதிரி. தொண்டையிலிருந்து மெல்லியதாக ஏதோ வந்தது. குருவம்மாள் நகராமல், மூச்சு விடாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து நர்சு எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, பிள்ளய அமத்த மாட்டியா? அடுத்த வார்டு வரைக்கும் கேக்குது."

"அழட்டும் சிஸ்டர்," என்றாள் நாகரெத்தினம்.

பிள்ளையின் வாய் அவள் காதோரமாக இருந்தது. அந்தச் சத்தம் காதுக்குள் புகுந்து, போவதற்கு வேறு வழி தெரியாமல், அவள் உடம்புக்குள்ளேயே முட்டிக்கொண்டு திரிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் பிள்ளையின் முதுகைத் தட்டவில்லை, உஸ் என்று சொல்லவில்லை. வராந்தாவின் அந்தக் கோடி வரை நடந்தாள், திரும்பினாள், இந்தக் கோடி வரை நடந்தாள். பிள்ளை மூச்சு வாங்க நிறுத்தியபோதெல்லாம் அவளும் நின்றாள். அது அடுத்த அழுகையை எடுத்த பிறகே காலை எடுத்து வைத்தாள்.